ஒற்றைப் புள்ளி குத்திய இரும்புக் கட்டி

பரிசோதனை மேசையில் என் இடது கைப்பக்கம் ஒரு இரும்புக் கட்டி இருந்தது. நீங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறீர்கள். கடதாசி பறக்காமல் இருக்க வைத்திருக்கிறேன் என்று நினைத்தீர்கள். சிலர் கையில் எடுத்து, நடுவில் பள்ளமாக வெட்டியிருந்த காடிக்குள் விரலை விட்டுப் பார்த்தீர்கள். "பாஸ், இது என்ன பார்ட்?" என்று கேட்டீர்கள். "பழசு" என்று சொல்லி வாங்கி வைத்தேன்.

நான் ஓய்வு பெற்ற கிழமை அது மேசையில் இல்லை. எங்கே போனது என்று கேட்டு ஆள் அனுப்பியிருக்கிறீர்கள். புதிதாக வந்த பிள்ளைகளுக்கு நாலு வார்த்தை எழுதித் தரவும் சொல்லியிருக்கிறீர்கள். இரண்டுக்கும் பதில் ஒன்றுதான். அதனால் சேர்த்தே எழுதுகிறேன்.

நீங்கள் கண்டி தொழில்நுட்பக் கல்லூரியில், நம் பேச்சில் டெக்கில், இரண்டு வருடம் படித்து, சான்றிதழோடு வந்தவர்கள். நான் ஒரு வருடம். அதுவும் சனிக்கிழமைகள் மட்டும். சாப்பாட்டு நேரத்தில், "ஏன் பாஸ் மற்ற வருசம் படிக்கல்ல?" என்று நீங்கள் கேட்டபோதெல்லாம் நான் எழுந்து கை கழுவப் போனேன். இப்போது கழுவ ஒன்றும் இல்லை.

புசல்லாவைப் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தேன். தோட்டப் பள்ளிக்கூடத்தில் எட்டு வரை படித்தேன். பிறகு தேயிலை பெக்டரியில் மெசின் பழுது பார்க்கிற பிட்டருக்கு உதவி. அவரைப் பெரிய பிட்டர் என்போம். பேச்சு அதிகம். வேலை சுத்தம்.

அந்த பெக்டரி மெசின்கள் எங்கள் அப்பாமார் பிறப்பதற்கு முன்பே வந்தவை. மாற்றுச் சாமான் கிடையாது. ஒன்றோடு ஒன்று சேர்ந்தே தேய்ந்தவை. அதனால் ஒரு வழக்கம் இருந்தது. மெசினைக் கழற்றும்போது எந்த நட் எந்த போல்ட்டில் இருந்ததோ, இரண்டிலும் உளியால் ஒரே மாதிரிப் புள்ளி குத்துவோம். இதற்கு ஒரு புள்ளி. அடுத்த ஜோடிக்கு இரண்டு புள்ளி. திரும்பப் பூட்டும்போது புள்ளி பார்த்துப் பூட்டுவோம்.

ஒரு தடவை நான் மாற்றிப் பூட்டிவிட்டேன். பெரிய பிட்டர் பெக்டரி முழுக்கக் கேட்கிற மாதிரிச் சொன்னார்: "ஒரு புள்ளிக்காரிய ரெண்டு புள்ளிக்காரனுக்குக் கட்டி வச்சா குடும்பம் நடக்குமாடா? கடகடன்னு சத்தம் வரும். அம்புட்டு லயத்து வீட்டுக்கும் கேக்கும்!"

இன்னொரு வழக்கமும் உண்டு. புது இரும்பு கேட்க மாட்டோம். கேட்டால் டீமேக்கர் ஐயா, பெக்டரிக்குப் பொறுப்பானவர், முதல் துண்டை என்ன செய்தாய் என்று கேட்பார். அது மானக்கேடு. ஒரு துண்டு அரத்தால் ராவும்போது அளவுக்கு மேல் தேய்ந்து போனால், அதன் ஜோடியை அதற்கு ஏற்ற மாதிரிச் செய்வோம். கடைசியில் இரண்டும் பொருந்தும். பொருந்தினால் வேலை சரி.

என் கை அப்படிப் பழகிய கை. அதோடுதான் கண்டிக்குப் படிக்கப் போனேன்.

பிரஜாவுரிமைப் பத்திரம் வீட்டுக்கு வந்த வருடம் அது. அது இல்லாமல் டெக்கில் விண்ணப்பத்தைக் கையில் எடுக்க மாட்டார்கள். எட்டாம் வகுப்பும், வேலை செய்த கடிதமும் அந்த வருடம் போதுமாக இருந்தது. கைத்தொழில் தொழில்நுட்பம் என்று பாடத்துக்குப் பேர். முதல் வருடம் சனிக்கிழமை மட்டும். முதல் வருட முடிவில் கடுகண்ணாவைப் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்று ஆறு பேரை எடுக்கும். அந்த ஆறு பேருக்குத்தான் இரண்டாம் வருடம். பகல் முழுக்கப் படிப்பு, சம்பளத்தோடு. மற்றவர்கள் வீட்டுக்கு.

அது எந்தத் தொழிற்சாலை என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

இரண்டாம் வருட அறைக்குக் கம்பி வலைக் கதவு. எங்களை உள்ளே விட மாட்டார்கள். வலையில் முகத்தை வைத்துப் பார்ப்போம். நடுவில் ஒரு பெரிய மெசின், பச்சைப் படங்கு போர்த்தி இருக்கும். படங்கை எடுத்து நான் ஒரு நாளும் பார்க்கவில்லை. அடியில் இரண்டு கால்களும், எண்ணெய் பட்ட ஒரு சக்கரமும் தெரியும். கிழமையில் ஆறு நாளும் அந்தச் சக்கரத்தை நினைத்துக்கொண்டு பெக்டரியில் கொழுந்து உருட்டுகிற ரோலரின் கீழே படுத்திருந்தேன்.

பாடம் சிங்களத்தில். எங்களுக்கு விளங்காததை வேலைத்தளத்து சேர் தமிழில் சொல்வார். யாழ்ப்பாணத்து மனிதர். சட்டைப் பையில் எந்நேரமும் ஒரு சிறிய அளவுகோல். முதல் மாதமே சொன்னார்: "படத்தில கிடக்கிற அளவுக்கு வேலை செய்ய வேணும். பக்கத்தில கிடக்கிற துண்டுக்கு இல்லை. விளங்குதோ?"

"விளங்குது சேர்" என்றேன். கொப்பியில் எழுதியும் கொண்டேன். எழுதினால் படித்தது என்று நினைத்தேன்.

இரும்பை இறுக்கிப் பிடிக்கிற வைஸ் ஆளுக்கு ஒன்று. என் பக்கத்து வைஸில் அக்குறணைப் பையன் ஒருவன். என் வயது. தகப்பனுக்கு இரும்புச் சாமான் கடை. அவனுக்குக் கடையில் உட்கார விருப்பமில்லை. "கடையில குந்தினா வாப்பா மாதிரி வயிறுதான் வளரும் மச்சான்" என்பான். கை கொஞ்சம் அவசரக் கை. வாய் பயமில்லாத வாய்.

வருட முடிவில் செய்முறைப் பரீட்சை. வேலை இலகுவானது. ஒரு இரும்புக் கட்டி, நடுவில் காடி. அந்தக் காடிக்குள் போகும் நாக்கு ஒன்று. இரண்டும் கையால், அரம் பிடித்துச் செய்ய வேண்டும். காடியும் நாக்கும் இருபது மில்லிமீட்டர். படத்தில் அப்படித்தான் போட்டிருந்தது.

நாக்கை முதலில் செய்தேன். நன்றாகத்தான் வந்தது. கடைசியில் ஒரு மூலை சரிந்திருந்தது. அதை நேர்ப்படுத்தப் போய் மறுபக்கம் இறங்கியது. அளந்தேன். மூன்று தலைமுடித் தடிப்புக் குறைவு.

அக்குறணைக்காரனுக்கும் குறைந்துவிட்டது. அவன் கையைத் தூக்கினான். "சேர், இன்னொரு துண்டு!" சேர் கொடுத்தார். அதையும் கெடுத்தான். மறுபடியும் கையைத் தூக்கினான். என்னைப் பார்த்தான்.

"நீயும் கேளு மச்சான்."

"வேணாம்."

"ஏன்? இரும்பு அவங்கட வாப்பாட சொத்தா? குடுக்கத்தானே வச்சீக்கிறாங்க!"

எனக்குக் கேட்க வாய் வரவில்லை. டீமேக்கர் ஐயா முன்னால் நிற்கிற மாதிரி இருந்தது. நான் வேறொன்று செய்தேன். நாக்கு எவ்வளவு குறைந்ததோ அவ்வளவு குறைத்துக் காடியை வெட்டினேன். மெதுவாக ராவினேன். கடைசியில் நாக்கைக் காடியில் வைத்து அழுத்தினேன். மெல்ல இறங்கியது. வெளிச்சத்தில் பிடித்தால் ஒளி தெரியவில்லை. தண்ணீர் ஊற்றினாலும் ஒழுகாது. எனக்குச் சந்தோசம். பழக்கத்தில் உளியை எடுத்து இரண்டிலும் ஒவ்வொரு புள்ளி குத்தினேன்.

தொழிற்சாலை எஞ்சினியர் வந்தார். சிங்களவர். குரல் உயர்த்தாத ஆள். என் ஜோடியை எடுத்தார். நாக்கை உருவினார். திரும்பப் போட்டார். "சா" என்று சிங்களத்தில் மெச்சினார். அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. ஆறு பேரில் நான் முதல் ஆள் என்று நினைத்தேன்.

பிறகு அவர் ஒரு தகரத் தட்டைக் கொண்டுவரச் சொன்னார். எல்லோருடைய நாக்கையும் கழற்றி அதில் போட்டார். கையை விட்டுக் கலக்கினார். மா சலிக்கிற மாதிரி. கண்ணை மூடி ஒன்றை எடுத்து ஒரு காடியில் போட்டார். போனது. இன்னொன்று. போனது. அக்குறணைக்காரனுடையது கொஞ்சம் இளக்கம். ஆனால் போட்ட காடிக்கெல்லாம் போனது.

என் காடிக்குள் எவனுடைய நாக்கும் போகவில்லை. என் நாக்கு எல்லோருடைய காடியிலும் கடகடவென்று ஆடியது.

எஞ்சினியர் புள்ளியைப் பார்த்தார். "மல்லி, இது யாருடையது?" என்று சிங்களத்தில் கேட்டார். மல்லி என்றால் தம்பி.

"என்னுடையது சேர்."

"இது என்ன புள்ளி?"

"ஜோடி மாறாமல் இருக்க."

அவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை. "எங்கள் தொழிற்சாலையில் ஜோடி கிடையாது மல்லி" என்றார். கட்டியை மேசையில் வைத்தார். அடுத்ததை எடுத்தார்.

அன்றைக்கு ஐந்து பேரின் பெயர் வாசித்தார்கள். அக்குறணைக்காரன் ஐந்தாவது. ஆறாவது இடத்தைக் காலியாக வைத்தார்கள். எல்லோரும் போன பிறகு சேர் என்னைக் கூப்பிட்டார்.

"உம்முடைய கைவேலை இவ்வளவு பேருக்குள்ளும் திறம். அதில சந்தேகமில்லை. ஆனா நீர் என்ன செய்தனீர் எண்டு விளங்குதோ?"

"இப்ப விளங்குது சேர்."

"நான் அவரோட கதைச்சனான். வாற சனிக்கிழமை திரும்ப ஒருக்கா வைப்பம். உமக்கும் இன்னொரு பிள்ளைக்கும். ஆர் சரியாச் செய்யிறியளோ அவருக்கு அந்த ஆறாவது இடம். காலமை ஒம்பது மணி. பிந்தக் கூடாது." வலைக் கதவைக் காட்டினார். "சரியாச் செய்தீரெண்டால் இது உமக்குத் திறக்கும்."

அந்தக் கிழமை ஒவ்வொரு பின்னேரமும் பெக்டரியில் கழிவு இரும்பு எடுத்துச் செய்து பார்த்தேன். படத்து அளவுக்கு. பெரிய பிட்டர் பார்த்துவிட்டு, "என்னடா, ஒண்ணையே அஞ்சு தடவ செய்யிற? புத்தி கித்தி கலங்கிருச்சா?" என்றார். ஐந்து காடி. ஐந்து நாக்கு. எந்த நாக்கும் எந்தக் காடிக்கும் போனது. ஒன்றிலும் புள்ளி குத்தவில்லை.

நான் தயாராக இருந்தேன். இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

சனிக்கிழமை விடிந்து கொஞ்ச நேரம். ரோட்டுக்கு வந்து பஸ்ஸுக்கு நின்றேன். வெள்ளைச் சட்டை. பையில் அரம். எங்கள் பெக்டரி ரோட்டுக்கு மேலே. ரோலர் சுற்றுகிற சத்தம் ரோட்டுக்குக் கேட்கும். பிறந்ததிலிருந்து கேட்டதால் காதில் விழாது. நின்றால்தான் விழும்.

நின்றது.

அது கொழுந்து பொங்கிய காலம். இரண்டு ரோலரில் ஒன்றை முந்தின கிழமைதான் கழற்றிப் போட்டிருந்தோம். மற்றதும் நின்றால் வாட்டிய கொழுந்து எல்லாம் புளித்துப் போகும். புதுக் கொழுந்துக்கு இடமிருக்காது. மலையில் எடுப்பை நிறுத்திவிடுவார்கள். பெண்களுக்கு அரைப்பேர்தான், அரை நாள் சம்பளம்தான், விழும். பெரிய பிட்டர் ஒரு கல்யாணத்துக்கு ஹட்டன் போயிருந்தார். அவருக்கு அடுத்தது நான்.

அம்மா கூடையோடு மலைக்கு ஏற வந்தவர் என்னிடம் நின்றார்.

"என்னப்பா, ரோதை நின்னுருச்சி?"

"ஆமா."

"நீ பஸ்ல ஏறு. அவங்க பாத்துக்குவாங்க."

"யாரு பாத்துக்குவா? பெரியவருதான் ஹட்டன் போயிட்டாரே."

அம்மா பெக்டரியைப் பார்த்தார். என் சட்டையைப் பார்த்தார். அதை அவர்தான் துவைத்திருந்தார். "ஏறுப்பா" என்றார் மறுபடியும். குரல் சின்னதாக இருந்தது.

பஸ் வந்து நின்றது. நான் படியில் ஒரு கால் வைத்தேன். காது பெக்டரிப் பக்கம். சத்தம் வரவில்லை. நடத்துனர் தட்டினார்: "ஏறுறதா இல்லையா தம்பி? இது கண்டி பஸ். மாப்பிள்ள ஊர்வலம் இல்ல, நின்னு நின்னு போக!"

காலை எடுத்தேன்.

பிள்ளைகளே, ஒருவரும் என்னைக் கூப்பிடவில்லை. அதை ஞாபகம் வையுங்கள். கூப்பிட்டிருந்தால் மறுத்திருப்பேனோ என்னவோ.

டீமேக்கர் ஐயா என்னைக் கண்டு திகைத்தார். "உனக்கு இன்னைக்கு டெக் இல்லையா?"

"பாத்துட்டுப் போறேன்யா."

தண்டு சுற்றுகிற பித்தளை புஷ் உடைந்திருந்தது. ஸ்டோரில் புதிது ஒன்று இருந்தது. படத்து அளவுப்படி செய்தது. போட்டேன். ஆடியது. ஏனென்றால் தண்டு தேய்ந்த தண்டு. படத்தில் இருக்கிற தண்டு அது இல்லை. படத்துப்படி பூட்டினால் ஒரு மணி நேரம் ஓடி மறுபடியும் உடையும்.

மணி ஏழு. அடுத்த பஸ்ஸைப் பிடித்தால் ஒன்பதுக்குக் கொஞ்சம் பிந்திப் போகலாம். ஆடுகிற புஷ்ஷைப் பூட்டி ஓடவிட்டுப் போயிருக்கலாம். நான் போன பிறகுதான் உடையும். யாரும் என்னைக் குற்றம் சொல்ல மாட்டார்கள். அதை நினைத்தேன். நினைக்கவில்லை என்று சொன்னால் பொய்.

பழைய பித்தளைக் கட்டியை லேத்தில் மாட்டினேன். அந்தத் தேய்ந்த தண்டுக்கு ஏற்ற மாதிரி, அதற்கு மட்டும் பொருந்துகிற மாதிரி ஒரு புஷ் கடைந்தேன். முந்தின சனிக்கிழமை எந்த வேலைக்கு என்னைத் தள்ளினார்களோ, அதே வேலை. தண்டில் ஒரு புள்ளி. புஷ்ஷில் ஒரு புள்ளி. பூட்டினோம். டீமேக்கர் ஐயா மெசினைக் காக்கிற சாமி ரோதைமுனிக்குக் கற்பூரம் கொளுத்தினார். பெல்ட்டைத் தள்ளினேன். ரோலர் சுற்றியது. மணி பத்தரை.

இதில் ஒன்று படித்தேன். ஜோடி பார்த்துச் செய்வது தப்பு இல்லை. படம் பார்த்துச் செய்வது மட்டும் சரியும் இல்லை. நிற்கிற இடம் எது என்று பார்க்க வேண்டும். பழுது பார்க்கிற இடத்தில் முன்னால் இருக்கிற தண்டுதான் எசமான். உற்பத்தி செய்கிற இடத்தில் படம்தான் எசமான். கை ஒன்றுதான். இடம் மாறினால் அதே வேலை மாலையும் வாங்கித் தரும், அடியும் வாங்கித் தரும்.

கண்டிக்குப் போய்ச் சேர ஒரு மணி தாண்டிவிட்டது. பேராதனையிலிருந்து பஸ் ஊர்ந்தது. டெக்கில் ஆட்கள் இல்லை. சேர் வேலைத்தளத்துக் கதவைப் பூட்டிக்கொண்டிருந்தார். என் சட்டையைப் பார்த்தார். அது இப்போது வெள்ளை இல்லை.

"ஒம்பது மணி எண்டு சொன்னனான்."

"ரோலர் நின்னுருச்சி சேர்."

 "பதினொரு மணி வரைக்கும் எஞ்சினியரை இருக்க வைச்சனான். மற்றப் பிள்ளை செய்து குடுத்திட்டுது." பூட்டை மறுபடி திறந்தார். உள்ளே போய் என் கட்டியையும் நாக்கையும் எடுத்து வந்தார். ஒரு பழைய துணியில் சுற்றியிருந்தார். "இதைக் கொண்டு போம். வாற வருசம் திரும்பப் போடும்."

வலைக் கதவு அவர் முதுகுக்குப் பின்னால் தெரிந்தது. படங்கு தெரிந்தது. "சரி சேர்" என்றேன்.

அடுத்த வருடம் விதி மாறியது. பள்ளி முடிக்கிற சாதாரணதரப் பரீட்சையில் சித்தி வேண்டும் என்றார்கள். நான் எட்டு. விண்ணப்பத்தை ஜன்னல் வழியே திருப்பித் தந்தார்கள். பார்த்துப் போகலாம் என்று வேலைத்தளத்துக்குப் போனேன். சேர் அங்கே இல்லை. எங்கே என்று கேட்டேன். ஒருவருக்கும் சரியாகத் தெரியவில்லை.

அது நடந்து இரண்டு வருடத்துக்குப் பிறகு அக்குறணைக்காரன் தோட்டத்துக்கே வந்தான். அப்போது அவன் தொழிற்சாலையில் மெசின் ஓட்டுகிறவன். "பெக்கிங்ல ஆள் எடுக்கிறாங்க மச்சான். பெட்டி கட்டுற வேலதான். வாறியா?" என்றான். வந்தேன். எதில் படித்து நுழைய நினைத்தேனோ, அதில் பெட்டி கட்ட நுழைந்தேன்.

கண்டியில் அறை எடுத்திருந்தேன். தினமும் பஸ் டெக் வாசலைத் தாண்டித்தான் கடுகண்ணாவைக்கு வரும். நான் எப்போதும் அந்தப் பக்க ஜன்னலில்தான் உட்காருவேன். வாசலில் கொப்பியோடு பிள்ளைகள் நிற்பார்கள். ஒரு நிமிசம்கூட இல்லை, பஸ் தாண்டிவிடும். அந்த ஒரு நிமிசத்துக்காகச் சில நாள் முந்தின பஸ்ஸை விட்டிருக்கிறேன், ஜன்னல் கிடைக்கவில்லை என்று.

பெட்டி கட்டியவன் பரிசோதனை மேசைக்கு எப்படி வந்தேன் என்று கேட்பீர்கள்.

தண்ணீர்க் குழாய்தான் அப்போதும் செய்தோம். குழாய் ஒரு பெட்டியில், கைப்பிடி தனிப் பெட்டியில் போகும். ஒரு நாள் லொறி வாசலில். கொழும்புக்கு அவசரம். நான் ஒரு குழாயை எடுத்தபோது தண்டின் சதுர முனையில் அரத் தடம் தெரிந்தது. மெசினில் வெட்டிய தண்டில் அரத்துக்கு என்ன வேலை? கைப்பிடிப் பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்துப் போட்டேன். போகவில்லை. இன்னொன்று. ஆடியது. பாம்பின் கால் பாம்பறியும். இது நான் செய்த பாவம். யாரோ ஒவ்வொன்றாக ராவி, பக்கத்தில் கிடந்த கைப்பிடிக்குப் பொருத்தியிருக்கிறான். பொருத்தியதைக் கழற்றித் தனித்தனிப் பெட்டியில் போட்டாயிற்று. வாங்குகிறவன் வீட்டில் எது எதற்குப் போகும்?

அந்த மெசின் யாருடையது என்று எனக்குத் தெரியும். போனேன்.

"மச்சான், இத யாரு ராவினது?"

அக்குறணைக்காரன் முகம் மாறியது. "வெட்டுற அலகு தேஞ்சி போச்சி. எல்லாம் கொஞ்சம் பெரிசா வந்திட்டு. லொறி நிக்கிது. நீ வாய மூடிட்டுக் கட்டு."

"கட்ட மாட்டேன்."

"எனக்கு வேல போகும் மச்சான். உனக்கு வேல வாங்கித் தந்தவன் நான்."

அது உண்மை.  மேற்பார்வையாளர் வாசலில் கத்திக்கொண்டிருந்தார். நான் இவனைக் காட்டிக் கொடுக்க மாட்டேன். பெட்டியும் கட்ட மாட்டேன். இரண்டுக்கும் நடுவில் ஒரு வழிதான் இருந்தது.

"நீயே போய்ச் சொல்லு" என்றேன். "புதுத் தண்டு கேளு. பித்தளை அவங்கட வாப்பாட சொத்தா?"

அவன் என்னைப் பார்த்தான். அடிப்பான் என்று நினைத்தேன். பிறகு மூக்கால் சிரித்தான். "நான் சொன்னத வெச்சிட்டு ஈந்து எனக்கே எடுத்து அடிக்கிற என்ன?" என்றான். கையைத் துடைத்துக்கொண்டு எஞ்சினியர் அறைக்குப் போனான்.

லொறி வெறுமையாகப் போனது. அவனுக்கு வேலை போகவில்லை. தானே போய்ச் சொன்னவனை அவர்கள் அனுப்பவில்லை. ஆனால் மூன்று மாதம் அவன் என்னோடு பேசவில்லை. நான்காவது மாதம் அவன் மகனுக்கு வைத்த கந்தூரி விருந்துச் சோறு என் மேசைக்கு வந்தது.

எஞ்சினியர் என்னைக் கூப்பிட்டார். எப்படிக் கண்டுபிடித்தாய் என்றார். சொன்னேன். எங்கே படித்தாய் என்றார்.

"டெக்கில் சேர். ஒரு வருடம்."

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். "வராத ஆள் நீதானா?" என்றார் சிங்களத்தில்.

"ஓம் சேர்."

மறுநாள் என்னைப் பரிசோதனை மேசையில் போட்டார். கட்டியைக் கொண்டுவந்து இடது பக்கம் வைத்தேன். அவர் வந்து போகும்போது அதைப் பார்ப்பார். ஒன்றும் கேட்டதில்லை. நான் அதை ராவவும் இல்லை. ராவினால் படத்து அளவுக்கு வரும் என்று தெரியும். காடி சிறிது. சிறிய காடியைப் பெரிதாக்கலாம். நாக்கை ஒன்றும் செய்ய முடியாது. ராவின இரும்பு திரும்ப வளராது.

என் கடைசிக் கிழமை, டெக்கில் படிப்பு முடித்தவர்களில் ஆறு பேரை எடுக்க எங்கள் தொழிற்சாலை என்னை அனுப்பியது. எஞ்சினியர் ஓய்வு பெற்றுப் பல காலம். தகரத் தட்டு இப்போது என் கையில். அதை ஏந்திக்கொண்டு நான் நின்றதை உங்களில் ஆறு பேர் பார்த்தீர்கள். அதிகம் பேசவில்லை என்று பயந்தீர்களாம். பயப்படுத்த நினைக்கவில்லை. என் கண் வலைக் கதவைத் தேடிக்கொண்டிருந்தது.

பரீட்சை முடிந்ததும் இரண்டாம் வருட அறையைப் பார்க்கலாமா என்று கேட்டேன். "அதுக்கென்ன, போங்க" என்றார்கள். வலைக் கதவு இல்லை. மரக் கதவு, திறந்தே கிடந்தது. உள்ளே போனேன். சுவரோரம் புது மெசின்கள், கண்ணாடிப் பெட்டிக்குள் ஓடுபவை. ஒரு பக்கம் வைஸ் மேசை, அதில் பரீட்சைத் துண்டுகளைத் தட்டோடு கொண்டுவந்து வைத்திருந்தார்கள். நடுவில் படங்கு போர்த்திய மெசின் இல்லை. தரையில் நாலு போல்ட் ஓட்டை மட்டும். சிமெந்து பூசி மூடியிருந்தார்கள். அந்த நாலுக்கும் நடுவில் கொஞ்ச நேரம் நின்றேன். அது என்ன மெசின் என்று கேட்கவில்லை. கேட்டு என்ன.

பையில் கட்டி இருந்தது. அன்றைக்கு ஏன் கொண்டு போனேன் என்று எனக்கே தெரியாது. வைஸில் இறுக்கினேன். அரம் இரவல் கேட்டேன். காடியின் இரண்டு பக்கமும் ராவினேன்.  அளந்தேன், ராவினேன், அளந்தேன். இருபது மில்லிமீட்டர்.

உங்களில் ஒரு பிள்ளை, இப்போது லேத் பகுதியில் நிற்கிறவள், பக்கத்தில் வந்தாள்.

"சேர், இது எந்த வருச பெச் துண்டு?"

"பழைய பெச்."

"புள்ளி எதுக்கு?"

"ஜோடி தெரியிறதுக்கு."

"ஜோடி எங்க?"

சட்டைப் பையிலிருந்து நாக்கை எடுத்துக் கொடுத்தேன். போட்டாள். கடகடவென்று ஆடியது. சிரித்துவிட்டாள். "ஐயோ சேர், லூசா இருக்கே!" தட்டிலிருந்து தன்னுடைய நாக்கை எடுத்துப் போட்டாள். மெல்ல, இறுக்கமாக, அடிவரைக்கும் இறங்கியது. "இது போகுது பாருங்க" என்றாள். உருவினாள். நாக்கைத் தட்டில் போட்டாள். என் கட்டியையும் மற்றக் கட்டிகளோடு சேர்த்து வைத்துவிட்டாள். அவளுக்கு அது இன்னொரு கட்டி.

நான் எடுக்கவில்லை.

கட்டி எங்கே என்று கேட்டீர்கள். டெக்கில், இரண்டாம் வருட அறை அலுமாரியில், மற்றப் பிள்ளைகளின் துண்டுகளோடு இருக்கிறது. புள்ளி பார்த்தால் அடையாளம் தெரியும். நாக்கு என்னிடம். வீட்டு மேசையின் இழுப்பு லாச்சியில் வைத்திருக்கிறேன். அது எதற்குள்ளும் பொருந்தாது.